சோலை ஓடைகளை ‘அற்புத வலை’ என்று எழுதலாமா?

மழைமானி (கோத்தகிரி):

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு மலருக்காக லாங்வுட் சோலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சோலை 2024ஆம் ஆண்டில் ராம்சர் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றதும், சுற்றியுள்ள ஹட்டிகள் (படகர் ஊர்கள்) பலவற்றுக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது என்பதும் இங்குள்ளோருக்குத் தெரிந்த செய்திகளே. கட்டுரையின் மூன்றாவது பத்தியில் நான் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

“சோலைக்குள் கசியும் நீர், நம் உடலின் தந்துகிகளைப் போல ஆயிரம் இழைகளாக ஓடி ஓடையாகிறது. உடற்கூறியலார் இத்தகைய குருதி நாளப் பின்னலை ரேட்டே மிராபிலே, அதாவது அற்புத வலை என்பர். லாங்வுட் சோலையே கோத்தகிரியின் அற்புத வலை.”

கால்நடை மருத்துவம் படிக்கும் என் அக்கா மகள் இதைப் படித்துவிட்டு, “சித்தி, இது மனிதனுக்கு இல்லை, ஆட்டுக்குத்தான் உண்டு” என்று சொல்லிச் சிரித்தாள். அந்த ஒரு வாக்கியத்தால் பத்தி முழுவதன்மீதும் எனக்கு ஐயம் வந்துவிட்டது. இந்தச் சொல்லை ஓடைகளுக்குப் பயன்படுத்துவது பொருந்துமா? பொருந்துமாயின் தமிழில் எப்படி எழுதுவது? மலர் அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன.

பழைய ஸ்டெதஸ்கோப் (குன்னூர்):

அம்மா, உங்கள் பத்தியில் இரண்டு வேறு பொருள்கள் ஒன்றாகக் கலந்துள்ளன. தந்துகி என்பது, இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் தமனிக்கும் அதைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைக்கும் நடுவே அமைந்த மிக நுண்ணிய குழாய். அதன் உட்குறுக்களவு 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். சிவப்பணுவின் அளவே 7, 8 மைக்ரோமீட்டர் என்பதால், பல இடங்களில் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, உடலை வளைத்து நெளித்துக்கொண்டுதான் அதனுள் நுழைந்து போகின்றன. 1628ஆம் ஆண்டில் குருதிச் சுற்றோட்டத்தை விளக்கி நூல் எழுதிய வில்லியம் ஹார்வி இக்குழாய்களைக் கண்ணால் கண்டதில்லை. தமனியில் போவது சிரைக்கு எப்படியோ வந்து சேர்கிறது என்பதுவரை அவர் நிறுவினார். 1661இல் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் அந்த இடைவெளி நிரம்பியது.

உங்கள் ஓடைகளுக்கு வருவோம். பல கசிவுகள் ஓர் ஓடையாகின்றன, பல ஓடைகள் ஓர் ஆறாகின்றன. இது சேர்க்கும் அமைப்பு. உடலில் இதற்கு நிகர் சிரைத் தொகுதி. அப்படியானால் தமனி எங்கே? பிரித்துக் கொடுக்கும் பாதி உங்கள் ஒப்புமையில் இல்லை. பார்வைக்குக் கிளைத்திருப்பதையெல்லாம் தந்துகி என்றால் மரத்தின் வேரும் தந்துகி, ஆவின் பால் வண்டிகள் போகும் மலைப்பாதைகளும் தந்துகி என்றாகிவிடும்.

அற்புத வலை வேறொன்று. தமனி ஒன்று பல நுண்கிளைகளாக உடைந்து, சிரையில் போய்ச் சேராமல் மீண்டும் தமனியாகவே ஒன்றுகூடும் அமைப்புக்குத்தான் அந்தப் பெயர். சிரையும் அவ்வாறே உடைந்து மீண்டும் சிரையாவதுண்டு. எதுவாகப் புறப்பட்டதோ அதுவாகவே வெளிவர வேண்டும் என்பதே இலக்கணம்.

ஆட்டுப்பட்டி (உதகை):

மருத்துவர் ஐயா கூறிய இலக்கணம் சரியானதே. கால்நடை ஆய்வாளராக முப்பது ஆண்டுகள் இந்த மாவட்டத்தில் வேலை பார்த்தவன் என்பதால், கண்ணால் கண்டதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆடு, மாடு போன்றவற்றில் மூளைக்குப் போகும் குருதி நேராகப் போவதில்லை. மண்டையோட்டின் அடித்தளத்தில், பிட்யூட்டரி சுரப்பியின் இருபுறமும், தமனி நூல்நூலாகப் பிரிந்து ஒரு பின்னலாகி, மறுபடியும் சேர்ந்து மேலே போகிறது. அந்தப் பின்னல் மூக்கிலிருந்து திரும்பும் சிரைக் குருதிக்குள் அமிழ்ந்து கிடக்கிறது. மூச்சுக்காற்றால் மூக்கின் உட்சவ்வு குளிர்வதால் அங்கிருந்து வரும் குருதியும் குளிர்ந்திருக்கும். வெயிலில் ஓடி உடல் சூடேறிய விலங்கின் மூளை அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருக்க இது உதவுகிறது. இரட்டைக் குளம்பு உடையவற்றில் சருகுமான் குடும்பம் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பெரும்பாலானவற்றுக்கு இது உண்டு.

உங்கள் அக்கா மகள் சிரித்ததற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் மாடு, பன்றி முதலியவற்றை அறுத்துப் பார்த்து இந்த வலையைக் கண்டவர், மனிதனுக்கும் இது இருக்கும் என்று எழுதிவிட்டார். உடலை வாழவைக்கும் உயிர்க்காற்று, அறிவுக்கும் உணர்வுக்கும் உரிய மனக்காற்றாக மாறுவதே இங்குதான் என்று அதற்குப் பெரும் பதவியும் கொடுத்துவிட்டார். ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் அது மறுக்கப்படாமல் நின்றது. 1520களில் பெரெங்காரியோ தா கார்பி என்ற இத்தாலியர் ‘பலமுறை தேடியும் மனிதத் தலையில் எனக்குக் கிடைக்கவில்லை’ என்னும் பொருள்பட எழுதினார். 1543இல் உடற்கூறியலார் வெசாலியஸ் இல்லவே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அவரே தம் நூலில் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறார். பொதுமக்கள் முன்னிலையில் மனிதத் தலையை அறுத்துக் காட்டும்போதெல்லாம், இந்த வலையைக் காட்டுவதற்காக ஓர் ஆட்டுத் தலையையோ மாட்டுத் தலையையோ பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்வாராம். இருக்க வேண்டியது இல்லையே என்று சொல்ல அவருக்கே அவ்வளவு காலம் துணிவு வரவில்லை.

ஆகவே ‘நம் உடலின்’ என்பதை எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

ஓய்வு தமிழாசிரியர் (அருவங்காடு):

பெயரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று சொல்ல வேண்டும். குருதிக் குழாய்க்குத் தமிழ்நாட்டு மக்கள் வாயில் இன்றும் வழங்கும் சொல் நரம்புதான். சிரையில் போடும் ஊசியை ‘நரம்பு ஊசி’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எந்தச் செவிலியரும் ‘சிரை கிடைக்கவில்லை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்றுதான் கையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். இதைப் பாமரர் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதியவளை ‘நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள்’ உடையவள் என்கிறார். வற்றிய தோளில் புடைத்து எழுந்து தெரிவது குருதி நாளமன்றி வேறு என்ன? யாழின் தந்தியும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு, உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்பு. நீண்டு மெலிந்து ஓடும் அனைத்துக்கும் ஒரே சொல்லாக இருந்ததைப் பாடநூல்கள் உணர்ச்சி நரம்புக்கு மட்டும் ஒதுக்கிவிட்டன. அதனால் தமனி, சிரை என்னும் வடசொற்கள் வந்து அந்த இடத்தை நிரப்பின.

தந்துகி என்பதும் ‘தந்து’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. நூல் என்று பொருள். இலத்தீனில் இதன் பெயர் மயிர் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. அவர்கள் மயிரைக் கண்ட இடத்தில் நாம் நூலைக் கண்டிருக்கிறோம்.

‘அற்புத வலை’ சொல்லுக்குச் சொல் சரியே. ஆயினும் ‘அற்புத’ என்றதும் நம்மவர் காதில் கோயில் விளம்பரத்தின் ஓசை கேட்கிறது. ‘வியன்வலை’ என்று ஆக்கலாம்; வியப்பு, பரப்பு என இரு பொருளும் தரும். ஆனால் மலரைப் படிக்கப் போகிறவர்கள் யார் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். கலைச்சொல் ஆக்கும் ஆசையில் வாசகரைக் கைவிடுவது என் போன்ற ஆசிரியர்களின் பழைய நோய்.

லயத்துக்காரன் (கூடலூர்):

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் குடும்பம், இலங்கைத் தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி கண்டியிலிருந்து இங்கு வந்தது. என் அப்பா அங்கே படித்த பாடத்தில் தமனிக்குப் பெயர் நாடி, சிரைக்குப் பெயர் நாளம், தந்துகிக்குப் பெயர் மயிர்த்துளைக்குழாய். இங்கே பள்ளியில் என் புத்தகத்தைப் பார்த்து அவர் திகைத்துப் போனார். நமக்கு நாடி என்றால் மணிக்கட்டில் பிடித்துப் பார்ப்பது. நாளம் என்றால் பொதுவாக எந்தக் குழாயும் ஆகும், நாளமில்லாச் சுரப்பி என்கிறோமே, அதுபோல. ஒரே மொழியில் ஒரே சொல்லுக்குக் கடலின் இந்தக் கரையில் ஒரு பொருள், அந்தக் கரையில் இன்னொரு பொருள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலர் வந்தால் எங்கள் பெரியவர்களும் படிப்பார்கள். அதனால் எந்தச் சொல்லை எழுதினாலும், அது என்ன செய்கிறது என்று அருகிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மழைமானி:

அனைவருக்கும் நன்றி. ஆனால் எனக்குச் சற்று வருத்தமும் உண்டு. நான் எழுதுவது தேர்வுக்கான விடை அல்ல, உவமை. முகத்துக்கு நிலவை உவமை சொன்னவரிடம் நிலவில் பள்ளங்கள் இருக்கின்றனவே என்று யாரும் வாதாடுவதில்லை. கிளைத்தல் என்னும் ஒரு பண்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது போதாதா?

பழைய ஸ்டெதஸ்கோப்:

நிலவு எல்லோரும் பார்த்தது, அம்மா. எந்தப் பண்பை எடுத்தீர்கள் என்று கேட்பவர் தாமே அறிந்துகொள்வார். கலைச்சொல்லை உவமையாக்கும்போது வாசகரிடம் அந்தப் பொருள் இல்லை. உங்கள் சொல்லை நம்பித்தான் அவர் அதைப் பெறுகிறார். நீங்கள் தவறாகக் கொடுத்தால் அவர் தவறாகவே எடுத்துச் செல்வார். கேலனை நம்பியவர்கள் அப்படித்தான் எடுத்துச் சென்றார்கள்.

டிரையர்காரர் (குந்தா):

நான் மருத்துவமும் இலக்கணமும் அறியாதவன். தேயிலைத் தொழிற்சாலையில் தூளை உலர்த்தும் டிரையரில் நிற்பவன். ஆய்வாளர் ஐயா எழுதியதைப் படித்தபோது, குளிர்ந்ததும் சூடானதும் அருகருகே போனால் ஏன் அவ்வளவு பயன் என்று யோசித்தேன். பிறகு அதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது.

பழைய சங்கிலித் தட்டு டிரையரில், நொதித்த ஈரத் தூள் மேலே விழுகிறது. ஓட்டையிட்ட தட்டுகள் மெதுவாக நகர்ந்து, ஒரு வரிசையின் முடிவில் கவிழ்ந்து கீழ் வரிசைக்குத் தூளைக் கொட்டும். அப்படி வரிசை வரிசையாக இறங்கி, ஏறத்தாழ இருபது நிமிடங்களில் டிரையர் மௌத்துக்கு, அதாவது தூள் வெளியேறும் வாய்க்கு, வந்துவிடும். சூடான காற்று இதற்கு நேர் எதிராகக் கீழிருந்து மேலே வருகிறது. கீழே நுழையும்போது 90 முதல் 100 டிகிரி சூடு. மேலே வெளியேறும்போது 50 டிகிரி அளவில் தணிந்திருக்கும். இதன் சூட்சுமம் என்னவென்றால், கிட்டத்தட்ட உலர்ந்துவிட்ட தூளுக்கு மிகவும் சூடான காற்று கிடைக்கிறது; அதில் சூட்டைக் கொடுத்துவிட்டு மேலே போகும் காற்று, இன்னும் முழு ஈரத்தோடு இருக்கும் தூளைச் சந்திக்கிறது. வழி நெடுக எந்த இடத்தில் பார்த்தாலும் காற்றிடம் கொடுப்பதற்குக் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும். இரண்டும் ஒரே திசையில் போனால், முதலில் பலமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு சும்மா சேர்ந்து நடப்பதுதான் நடக்கும். கடைசியில் தூளில் 3 விழுக்காடு ஈரம் அளவில் நிறுத்த வேண்டும் என்றால் இந்த எதிர்ப்போக்கு வேண்டும்.

இந்த வலைகளின் வேலையும் இதுதானா? அப்படியானால் சோலை ஓடையில் எதிரெதிராகப் போவது எது?

தூண்டில் (எமரால்டு):

மீனின் காற்றுப்பையிலும் இந்த வலை உண்டு என்று படித்திருக்கிறேன். அவலாஞ்சி ஓடையின் டிரவுட் மீனை உவமையாக்கினால் ஊர்மணமும் இருக்குமே.

ஆட்டுப்பட்டி:

டிரையர்காரத் தம்பி கேட்டது மிகச் சரியான கேள்வி. சூரை மீன்களில் தசையிலிருந்து திரும்பும் சூடான குருதியும், செவுளிலிருந்து வரும் குளிர்ந்த குருதியும் நூற்றுக்கணக்கான நுண்குழாய்களில் எதிரெதிராக ஓடுகின்றன. அதனால் கடல்நீர் குளிர்ந்திருந்தாலும் தசை சூடாகவே இருக்கிறது. அது முழுக்க உங்கள் டிரையர்தான். ஆட்டின் தலையில் உள்ளது அவ்வளவு ஒழுங்கான எதிர்ப்போக்கு அன்று. சூடான இழைகளைக் குளிர்ந்த குளத்தில் முக்கி வைத்தது போன்றது.

தூண்டிலாருக்கு ஒரு திருத்தம். விலாங்கு போன்ற மீன்களின் காற்றுப்பையில் அந்த வலை உண்டு. டிரவுட்டோ மேலே வந்து காற்றை விழுங்கித் தன் பையை நிரப்பிக்கொள்ளும் இனம். அதற்கு வலை இருப்பது கண்ணின் பின்புறத்தில். விழித்திரைக்கு ஆக்சிஜனைச் செறிவாக்கிக் கொடுக்கிறது.

பழைய ஸ்டெதஸ்கோப்:

மனிதனுக்கு ஒன்றுமே இல்லை என்று யாரும் மனம் நொந்துவிட வேண்டாம். சனவரி மாத உறைபனிக் காலையில் புறங்கையைப் பாருங்கள். புடைத்திருந்த நரம்புகள் (ஆசிரியர் ஐயா அனுமதியோடு) உள்வாங்கிக் காணாமற் போயிருக்கும். தோலடிச் சிரைகள் சுருங்கிவிடுவதால், குருதி ஆழத்தில் தமனியை ஒட்டி ஓடும் சிரைகள் வழியாகத் திரும்புகிறது. விரலை நோக்கிப் போகும் தமனியின் சூடு, திரும்பி வரும் சிரைக்கு மாறிவிடுவதால் விரல் விறைத்தாலும் உடம்பின் உட்சூடு காக்கப்படுகிறது. ஆனால் இதை வலை என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று குழாய்கள் சேர்ந்து போகின்றன, அவ்வளவே.

மழைமானி:

நேற்று மாலை மழை விட்டதும் சோலையின் கீழ்ப்புறத்துக்குப் போய் வந்தேன். என் மூன்றாவது பத்தி ஏன் தவறு என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அத்துடன் நான் தேடாத ஒன்றும் கிடைத்தது.

மரங்களுக்கு நடுவில் ஓர் ஓடை, இரண்டு சாண் அகலம் இருக்கும், ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. சரிவு தணிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் அது காணாமற் போகிறது. கோரைப்புல் குத்துகளுக்கு இடையில் விரல் அகலத்தில், நூல் அகலத்தில், சில இடங்களில் ஈரமாக மட்டும் பிரிந்து போகிறது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு குத்தின் அடியிலும் நீர் சுற்றிக்கொண்டு போவது தெரிகிறது. மேலே மிதந்துவந்த ஒரு காய்ந்த இலை எந்த வழியில் போவதென்று தெரியாமல் அங்கேயே சுழன்றுகொண்டிருந்தது. ஏறத்தாழ எண்பது அடிக்குக் கீழே, ஒரு பாறை இடுக்கில் அத்தனை இழைகளும் சேர்ந்து மீண்டும் ஒரே ஓடையாக வெளியே வருகின்றன. உள்ளே போனபோது மழைக்கலங்கல் நிறம்; வெளியே வந்தபோது அடிக்கல் தெரிந்தது.

ஓடையாகப் போய், உடைந்து, ஓடையாகவே வெளிவருகிறது. மருத்துவர் ஐயா சொன்ன இலக்கணத்துக்கு இது பொருந்துகிறதா, இல்லையா? டிரையர்காரர் கேட்ட எதிர்ப்போக்கு இங்கே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ஸ்டெதஸ்கோப்:

பொருந்துகிறது. எதிர்ப்போக்கு இல்லாததும் குறையன்று. நம் சிறுநீரகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வடிகட்டியிலும் ஒரு சிறு தமனி நுழைந்து, தந்துகி முடிச்சாகப் பிரிந்து, மீண்டும் ஒரு சிறு தமனியாகவே வெளியேறுகிறது. இலக்கணப்படி அதுவும் அற்புத வலைதான். அங்கே நடப்பது வடிகட்டல். ஒரு நாளில் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 180 லிட்டர் வடிக்கின்றன, அதில் மிகப் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. மூளையடியில் இல்லாததால் மனிதனுக்கே இல்லை என்று உங்கள் அக்கா மகள் சொன்னதும் முழு உண்மையன்று என்று அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டையும் போடுகிறேன். உங்கள் சதுப்பில் வண்டல் தங்கிவிடுகிறது, நீர் வெளியேறுகிறது. சிறுநீரகத்தில் நீரிலும் கரைந்த கழிவிலும் ஒரு பகுதி பக்கவாட்டில் வடிந்துவிடுகிறது. அணுக்களும் புரதமும் மீதி நீரோடு குழாயிலேயே தொடர்ந்து செல்கின்றன. ஆகவே ‘சோலையின் சிறுநீரகம்’ என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்த மாதம் யாரேனும் ஒருவர் நிச்சயம் எழுதுவார்.

ஆட்டுப்பட்டி:

அம்மா, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உதகைக்கு வந்தால், மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்த கறிக்கடையில் ஓர் ஆட்டுத் தலையை எடுத்து வைக்கச் சொல்கிறேன். வெசாலியஸ் செய்ததுதான், நாம் மறைக்காமல் செய்வோம்.

மழைமானி:

போய் வந்தேன். ஆட்டுப்பட்டி அண்ணன், ஆட்டுத் தலையிலிருந்து மூளையை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மண்டையோட்டின் அடியில் ஒரு சிறு பள்ளத்தைக் கத்தி முனையால் காட்டினார். அதன் இருபுறமும் சவ்வுக்கு அடியில், புளியங்கொட்டையை விடச் சற்றுப் பெரிதாக, கருஞ்சிவப்பில் இரண்டு மேடுகள் இருந்தன. பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சவ்வைக் கீறி, அதை எடுத்துத் தட்டில் தண்ணீர் விட்டு அலசியபோது குருதி போய், நனைந்த தேங்காய் நாரைச் சுருட்டி வைத்தாற்போல இழைகள் விரிந்தன. வலை என்றால் நாம் நினைக்கும் கட்டமும் கண்ணும் அதில் இல்லை. எந்த இழை எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று ஊசியால் விலக்கிப் பார்த்தும் என்னால் பின்தொடர முடியவில்லை. சதுப்பில் சுழன்ற அந்த இலை நினைவுக்கு வந்தது.

மூன்றாவது பத்தியை நீக்கிவிட்டேன். ஐந்தாவது பத்தியில் சதுப்பைச் சொல்லும் இடத்தில் இதைச் சேர்த்திருக்கிறேன்: “ஓடை இங்கே நூறு இழைகளாக உடைந்து, எண்பது அடிக்குக் கீழே மறுபடியும் ஓடையாகிறது. ஆட்டின் மூளைக்குப் போகும் குருதியும் வழியில் இப்படித்தான் நார்நாராகப் பிரிந்து, மறுபடியும் ஒன்றாகி மேலே போகிறது. அந்தப் பின்னலை அற்புத வலை என்பர்.” நாளம், நாடி, தமனி என்னும் மூன்றையும் தவிர்த்துவிட்டதால் கூடலூர்ப் பெரியவர்களுக்கும் தடை இராது என்று நம்புகிறேன்.

ஓய்வு தமிழாசிரியர்:

‘மறுபடியும்’ இரண்டு முறை வருகிறது. முதலாவதை ‘மீண்டும்’ என்று மாற்றிவிடுங்கள்.